கோலும் சங்கிலியும்: நில அளவுகளை மாற்றிக் கணக்கிடும் முறை

விதையும் எருவும் நிலத்தின் விஸ்தீரணத்தை அனுசரித்தே இடப்பெற வேண்டும். விஸ்தீரணமோ நீள அகலங்களைப் பெருக்கிக் காண்பது. ஆதலின் நீள அளவில் நேரும் சிறு பிழையும் விஸ்தீரணத்தில் பெருகித் தோன்றும்.

செங்கற்பட்டுப் பக்கத்துக் குடியானவர் ஒருவர், தமது ஊரிலிருந்த ஒரு ஏக்கர் புன்செய்யை உறவினருக்கு விட்டுக்கொடுத்து, தஞ்சைப் பகுதியில் நூறு குழி நன்செய்யை மாற்றாகப் பெற்றார். முதற்போகத்திற்கு 32 கிலோ நெல்லை ஊறவைத்திருந்தார். யான் நிலத்தைச் சென்று பார்த்தபொழுது, அதற்கு 8 கிலோ விதையே போதுமானதாயிருந்தது. மிகுந்த விதையை அண்டை அயலார் வாங்கிக்கொண்டனர். பத்திரமோ முன்னமே பதிவாகிவிட்டது. பட்டாவில் 13 ஏருக்குச் சற்று மேலென்று தெளிவாக எழுதியிருந்தும், அவர் ‘நூறு குழி’ என்ற சொல்லையே நம்பினார்.

இப்பிழையின் காரணம் கோலின் நீளமேயாம். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள இடமே குழி. தஞ்சையில் வழங்கிய கோல் 12 அடி. ஆகவே குழி 144 சதுர அடி. செங்கற்பட்டில் வழங்கிய கோல் 24 அடி. ஆகவே குழி 576 சதுர அடி. கோல் இரு மடங்காயின் குழி நான்கு மடங்காகும். பண்டைக் காலத்தில் கோலின் நீளத்தைக் கோயிற் சுவர்களில் வெட்டி வைத்ததும் இத்தகைய வழக்குகளைத் தவிர்க்கும் பொருட்டேயாம்.

நினைவிற் கொள்ளத்தக்க வாய்பாடு வருமாறு:

தஞ்சை: 100 குழி = 1 மா = 14,400 சதுர அடி = 33 சென்ட்.
20 மா = 1 வேலி = 6 ஏக்கர் 61 சென்ட்.
செங்கற்பட்டு: 100 குழி = 1 காணி = 57,600 சதுர அடி = 1 ஏக்கர் 32 சென்ட்.
1 காணி = 24 மனை; 1 மனை = 2,400 சதுர அடி.

இனி, சங்கிலிக் கணக்கு. இங்கிலாந்தில் எட்மண்டு கண்டர் என்பார் 1620-ஆம் ஆண்டில் வகுத்த சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் லிங்க் எனப்படும் கண்ணிகள் 100. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். பழைய புலப்படங்களில் லிங்க் அளவே காணப்படும். நீளம் 540 லிங்க், அகலம் 250 லிங்க் உள்ள நீண்ட சதுர வயலுக்கு இரண்டையும் பெருக்கினால் 1,35,000 வரும். அதை ஆயிரத்தால் வகுக்க 135 சென்ட், அதாவது 1 ஏக்கர் 35 சென்ட் ஆகும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் வழக்கிற்கு வந்த மெட்ரிக் முறையில் இதைக் காண 2.471-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 54.6 ஏர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர்.

சங்கிலி நாட்பட இழுபட்டு ஓரடி நீண்டுவிடின், அதைக்கொண்டு ஒரு ஏக்கர் என்று அளந்த நிலம் மெய்யாக 103 சென்ட் இருக்கும். விற்பவருக்கு மூன்று சென்ட் நஷ்டம். ஆகையால் அளக்குமுன் சங்கிலியைச் சரிபார்த்தல் அவசியம்.

நிலமுடையோர் பழைய பத்திரத்தில் குழி, மா, காணி என்று கண்டால், எத்தனை அடிக் கோல் என்பதை முதலில் விசாரித்தறிக. பின்னர்ச் சதுர அடியாக மாற்றிப் பட்டாவிலுள்ள ஏர்க் கணக்கோடு ஒப்பிடுக. இரண்டும் ஒவ்வாதாயின், கையெழுத்திடுமுன் சர்வேயரைக் கொண்டு அளப்பிப்பதே நலம். கிராம அலுவலர்களும், குழிக் கணக்கைச் சொல்லி வருவோர்க்கு ஏர்க் கணக்கையும் உடன் எடுத்துரைப்பார்களாயின், பல குடும்பங்களின் மனத்தாங்கல் வாராது காத்தவராவர்.