புது ட்ரோனைச் சென்னையில் பறக்கவிட்டுப் பார்க்கலாமா? விவசாயிகள் கவனத்துக்கு

மருந்து தெளிக்க ட்ரோன் வாங்குபவர்கள் பயிற்சிக்கும் பழுது பார்ப்பதற்கும் சென்னை வருவதுண்டு. வந்த இடத்தில், அடையாறிலோ தி.நகரிலோ உறவினர் வீட்டு மொட்டை மாடியில் ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். அனுமதி இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

விமானம் எவ்வளவு உயரத்தில் வருகிறது?

கடல் பக்கமிருந்து மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதைக்கு வரும் விமானங்கள் மந்தைவெளி, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, கிண்டி வட்டாரத்தின் மேலாகத்தான் இறங்குகின்றன. ஓடுபாதைக்கு 5 கி.மீ. முன்பு உயரம் சுமார் 270 மீட்டர். 2 கி.மீ. முன்பு சுமார் 120 மீட்டர். பச்சை மண்டலத்தில் ட்ரோனுக்கு உள்ள உயர வரம்பும் இதே 120 மீட்டர்தான்!

கட்டுப்பாட்டு அறைக்கு என்ன சிக்கல்?

விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் கருவி, அதன் அடையாளத்தையும் உயரத்தையும் ராடாருக்குத் தெரிவிக்கும். நம் ட்ரோனில் அது கிடையாது. உருவமும் சிறியது என்பதால் விமான நிலைய ராடாரில் பெரும்பாலும் தெரியாது. விமானி கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகே கட்டுப்பாட்டாளருக்குத் தெரியவரும். அடுத்து அது எந்தப் பக்கம் போகும் என்பதை அவரால் கணிக்க முடியாது. எனவே இறங்க வந்த விமானத்தை மறுபடி மேலே ஏற்ற வேண்டும். பின்னால் வருபவற்றைக் காக்க வைக்க வேண்டும் அல்லது வேறு ஊருக்குத் திருப்ப வேண்டும்.

2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில், ட்ரோன் தென்பட்டதாக வந்த தகவல்களால் மட்டுமே சுமார் 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டன. 2017 அக்டோபரில் கனடாவின் கியூபெக் நகரில் சிறிய பயணிகள் விமானம் ஒன்றின் மீது ட்ரோன் மோதியே விட்டது. நல்லவேளையாக விமானம் பத்திரமாக இறங்கியது.

"நான் 3 மீட்டர் உயரத்தில்தானே பறக்கவிடுகிறேன்" என்று நினைக்க வேண்டாம். சிக்னல் அறுந்தால் பல ட்ரோன்கள், முன்பே பதிவு செய்த உயரத்துக்குத் தானாக ஏறிய பிறகே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்.

விதி என்ன சொல்கிறது?

2021 ட்ரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து:

• 5 கி.மீ. வரை: சிவப்பு மண்டலம். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.
• 5 முதல் 8 கி.மீ.: மஞ்சள் மண்டலம். தரையிலிருந்தே கட்டுப்பாட்டு அறையின் அனுமதி தேவை. தி.நகரும் அடையாறும் பெரும்பாலும் இந்தத் தூரத்தில்தான் உள்ளன.
• 8 முதல் 12 கி.மீ.: 60 மீட்டருக்கு மேல் அனுமதி தேவை. மயிலாப்பூர் ஏறக்குறைய இந்தத் தூரத்தில் இருக்கிறது.

இவை தவிர, நகருக்குள் வேறு தடைப் பகுதிகளும் உண்டு. விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

செய்ய வேண்டியவை

• பறக்கவிடும் முன் ஒவ்வொரு முறையும் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள். மண்டலங்கள் மாறக்கூடியவை.
• திரும்பி வரும் உயரத்தை, சுற்றியுள்ள மரம், மின்கம்பிக்கு மேல் தேவையான அளவு மட்டும் வையுங்கள்.
• சோதனை ஓட்டத்தைப் பச்சை மண்டலத்தில் உள்ள உங்கள் வயலிலேயே, தொட்டியில் வெறும் தண்ணீர் நிரப்பிச் செய்யுங்கள்.

திருச்சி, மதுரை, கோவை விமான நிலையங்களைச் சுற்றி நிலம் வைத்திருப்பவர்களுக்கும் இதே தூரக் கணக்குதான்.