பெயருக்குப் பதில் ஒரு கோடு... 18-ம் நூற்றாண்டு லண்டனைக் கலக்கிய கிசுகிசுப் படங்கள்!

1759-ம் ஆண்டு, மார்ச் மாதம். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் குதிரைச் சவாரி சென்ற ஓர் இளம்பெண் கீழே விழுந்துவிட்டார். பெயர் கிட்டி ஃபிஷர். பணக்காரப் பிரபுக்களின் தோழியாக ஊரறிந்தவர். எழுந்து, உடையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அவர் விழுந்ததைக் கேலி செய்து பாட்டுகள் வந்தன. படங்கள் அச்சாகின. கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் அவை தொங்கின. அதே ஆண்டில் அவருடைய வாழ்க்கைக் கதை என்ற பெயரில் ஒரு புத்தகமும் வந்தது. அதன் அட்டையில் 'ஃபிஷர்' என்ற பெயர் முழுதாக இல்லை. முதல் எழுத்து, ஒரு நீளக் கோடு, கடைசி எழுத்து... அவ்வளவுதான். அது யார் என்று லண்டனில் எல்லோருக்கும் தெரியும்.

பொறுக்க முடியாமல் கிட்டி ஒரு நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டார். பத்திரிகைகள் தன்னைத் திட்டுவதாகவும், படக்கடைகள் தன்னைக் காட்சிப்பொருள் ஆக்குவதாகவும், இப்போது போலி வாழ்க்கைக் கதை வேறு எழுதுகிறார்கள் என்றும் அதில் முறையிட்டார். விளைவு? படங்களின் வரத்து நிற்கவில்லை.

ஜன்னலே திரை!

போட்டோ கண்டுபிடிக்கப்படாத காலம் அது. செம்புத் தகட்டில் மெழுகு பூசி, அதன்மேல் ஊசியால் வரைவார்கள். தகட்டை அமிலத்தில் வைத்தால் ஊசி கீறிய இடம் மட்டும் அரிபட்டுப் பள்ளமாகும். அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் தயார். சுடச்சுட நடந்த சம்பவம் சில நாள்களிலேயே படமாகிவிடும்.

வண்ணமில்லாத படம் சுமார் 6 பென்ஸ். கையால் வண்ணம் தீட்டியது 1 ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். கூலித் தொழிலாளிக்கு அது பெரிய பணம். வாங்க முடியாதவர்கள் கடை ஜன்னல் முன்பு கூட்டமாக நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஸ்ட்ராண்ட் தெருவில் மேத்யூ டார்லி, மேரி டார்லி தம்பதியின் கடை பிரபலம். பின்னாளில் ஃபோர்ஸ் என்ற வியாபாரி கேலிப்பட ஆல்பங்களை ஒரு மாலைப்பொழுதுக்கு மட்டும் வாடகைக்கே விட்டார். விருந்துக்கு வருபவர்கள் புரட்டிச் சிரிக்கத்தான்!

இரண்டு முகங்கள், ஒரு ரகசியம்

இந்தச் சிரிப்பை மாதாந்தர வியாபாரமாக மாற்றியது, 1769-ல் தொடங்கிய 'டவுன் அண்ட் கன்ட்ரி மேகசின்'. கதை, கவிதை, அறிவியல் செய்தி என்று எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் வாசகர்கள் முதலில் தேடியது 'டெட்-அ-டெட்' என்ற பகுதியைத்தான். இருவர் தனிமையில் பேசிக்கொள்வதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது.

பக்கத்தில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் இரண்டு சிறிய முகங்கள். ஒன்று ஆண், ஒன்று பெண். கணவன் மனைவி அல்ல! கூடவே இருவரின் ரகசிய உறவைப் பற்றி ஒரு கட்டுரை. பெயர் மட்டும் இருக்காது. புராணப் பாத்திரத்தின் பெயர், பட்டப்பெயர் அல்லது எழுத்துக்கு நடுவே கோடு. யார் என்று கண்டுபிடிப்பது வாசகரின் வேலை. இந்த விளையாட்டு 20 ஆண்டுகளுக்கும் மேல் ஓடியது. 300-க்கும் மேற்பட்ட ஜோடிகள் அதில் வந்துபோனார்கள்.

எதற்காக அந்தக் கோடு? இங்கிலாந்தில் 1695-க்குப் பிறகு எதையும் அச்சிடும் முன்பு அனுமதி வாங்க வேண்டியதில்லை. அச்சிட்ட பிறகுதான் ஆபத்து. அவதூறு என்று குற்ற வழக்கு வந்தால், 'எழுதியது உண்மைதானே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால்தான் பத்திரிகைகள் பெயரை மறைத்தன. சட்டத்துக்கும் ஒரு சாக்கு, வாசகருக்கும் ஒரு புதிர்.

1777-ல் மேடையேறிய ஷெரிடனின் 'தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்' நாடகத்தின் முதல் காட்சியிலேயே இந்தப் பத்திரிகையின் பெயரும், அந்தப் பகுதியின் பெயரும் வருகின்றன. விளக்கம் சொல்லாமலே அரங்கம் புரிந்துகொள்ளும் அளவுக்குப் புகழ்!

பிரதமரும் சிக்கினார்

தொடங்கிய ஆண்டிலேயே பத்திரிகையில் சிக்கியவர் சாதாரண ஆள் அல்ல. பதவியில் இருந்த பிரதமர், கிராஃப்டன் பிரபு. நான்சி பார்சன்ஸ் என்ற பெண்ணுடன் அவர் வெளிப்படையாகவே ஊர் சுற்றினார். பத்திரிகை அவருக்குச் சூட்டிய பெயர் 'பாலினூரஸ்'. ரோமானியக் காவியத்தில் கப்பலைச் செலுத்துபவனின் பெயர் அது. நாட்டுக்கே சுக்கான் பிடித்தவருக்குப் பொருத்தமான குத்தல்.

அந்தப் பிரபு, மனைவியின் தவறான உறவைக் காரணம் காட்டி அதே 1769-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் விவாகரத்து பெற்றார். உடனே மறுமணமும் செய்துகொண்டார். 1770-ல் பிரதமர் பதவியை விட்டாலும், அடுத்த ஆண்டே வேறொரு பதவியில் மீண்டும் அரசுக்குள் வந்தார்.

10,000 பவுண்டு... 1 ஷில்லிங்!

படக்கடைகளுக்குத் தீனி போட்டது நீதிமன்றம். மனைவியுடன் உறவு வைத்திருந்தவர்மீது கணவர் நஷ்டஈடு கேட்கலாம் என்று அப்போது சட்டம் இருந்தது. இதில் மனைவி வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசவும் முடியாது. ஊரே அவரைப் பற்றிப் பேசும். அவர் மட்டும் பேச முடியாது.

1770-ல் கிராஸ்வெனர் பிரபு இப்படி ஒரு வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு, மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சொந்தத் தம்பி கம்பர்லாந்து பிரபு! நஷ்டஈடாக 10,000 பவுண்டு கொடுக்கத் தீர்ப்பானது. பணத்துக்கு அண்ணனிடம்தான் கையேந்தினார் தம்பி. காதல் கடிதங்கள் அச்சாகி விற்றுத் தீர்ந்தன.

1782-ல் வந்தது இதைவிடப் பெரிய வழக்கு. சர் ரிச்சர்ட் வோர்ஸ்லியின் மனைவி சீமோர், ஜார்ஜ் பிசெட் என்ற ராணுவ அதிகாரியுடன் வீட்டைவிட்டுப் போய்விட்டார். கணவர் கேட்ட நஷ்டஈடு 20,000 பவுண்டு. அந்தத் தொகை பிசெட்டை ஒழித்துவிடும். அவரைக் காப்பாற்ற சீமோர் எடுத்த முடிவு யாரும் எதிர்பாராதது. தன் முன்னாள் காதலர்களையே சாட்சி சொல்ல வைத்தார். தன் மானம் போனாலும் பரவாயில்லை என்று துணிந்தார்.

விசாரணையில், மனைவி குளித்துக்கொண்டிருந்தபோது பிசெட் ஜன்னல் வழியாகப் பார்க்க கணவரே தோள்கொடுத்துத் தூக்கிவிட்டார் என்பது அம்பலமானது. ஜூரிகள் கொடுத்த நஷ்டஈடு வெறும் 1 ஷில்லிங். வண்ணக் கேலிப்படம் ஒன்றின் விலை!

அந்த ஜன்னல் காட்சியை ஜேம்ஸ் கில்ரே என்ற இளம் ஓவியர் உடனே படமாக்கினார். வோர்ஸ்லியின் பெயரையே கேலியாகத் திரித்துத் தலைப்பு வைத்தார். அவர் மானம் கப்பலேறியது.

ஆனால், அந்தப் படத்திலும் கூச்சமில்லாமல் பார்க்கப்படுபவர் சீமோர்தான். பெரும் சொத்துடன் மணமாகி வந்தவர் அவர். அன்றைய சட்டப்படி மனைவி உடுத்தும் உடைகூடக் கணவருக்குச் சொந்தம். அவருடைய துணிமணிகளைத் தர மறுத்தார் கணவர். பிறகு ஏற்பட்ட பிரிவு ஒப்பந்தத்தின்படி சீமோர் சில ஆண்டுகள் பிரான்சில் இருக்க வேண்டியதாயிற்று. 1805-ல் கணவர் இறந்த பிறகுதான் அவருடைய பணம் அவரிடம் திரும்பி வந்தது. அந்த நஷ்டஈட்டுச் சட்டம் 1857-ல்தான் ஒழிந்தது.

கிட்டி சொன்ன பதில்

மீண்டும் கிட்டி ஃபிஷரிடம் வருவோம். அறிவிப்பு கொடுத்தும் பலனில்லை என்றானதும் அவர் வேறு வழியைப் பிடித்தார். அதே 1759-ல் புகழ்பெற்ற ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் முன்பு போய் அமர்ந்தார். விலையுயர்ந்த முத்தைக் கோப்பையில் கரைக்கும் கிளியோபாட்ராவாக ரெனால்ட்ஸ் அவரை வரைந்தார். அந்த ஓவியமும் அச்சுப்படமாகிக் கடைகளுக்கு வந்தது. குதிரையிலிருந்து விழுந்த கிட்டி தொங்கிய அதே சந்தையில், ராணியாக அமர்ந்த கிட்டியும் விற்பனையானார்.

1765-ல் நதேனியல் ஹோன் என்ற ஓவியரும் அவரை வரைந்தார். படம் இன்றும் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கிட்டியின் அருகே ஒரு கண்ணாடித் தொட்டி, உள்ளே மீன்கள். தொட்டியின் விளிம்பில் ஒரு பூனைக்குட்டி மீன் பிடிக்கப் பார்க்கிறது. ஆங்கிலத்தில் 'கிட்டி' என்றால் பூனைக்குட்டி, 'ஃபிஷர்' என்றால் மீன் பிடிப்பவர்!

பெயரை வைத்துச் செய்த விளையாட்டு என்று கடந்துவிடாமல் அந்தத் தொட்டியை உற்றுப் பார்த்தால், கண்ணாடியில் ஒரு ஜன்னல் பிரதிபலிப்பது தெரியும். ஜன்னலுக்கு வெளியே ஒரு கூட்டம் நிற்கிறது. எல்லோரும் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள்.

1766-ல் ஜான் நாரிஸ் என்பவரை மணந்த கிட்டி, அடுத்த ஆண்டே இறந்துபோனார். கூட்டம் மட்டும் அந்த மீன்தொட்டிக் கண்ணாடியில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.