இழை அறுவது படத்தில் தெரியுமா?

ஆரணியில் பட்டுத் தறி உள்ள வீடுகளில், ஒரு பாவு நெய்து முடிந்ததும் அடுத்த பாவைத் தறியில் ஏற்ற வேண்டும். பழைய இழை ஒவ்வொன்றின் நுனியையும் புதிய இழையோடு சேர்த்து விரலால் முறுக்குவார்கள். இதற்குப் பிணைத்தல் என்று பெயர். ஆயிரக்கணக்கான இழைகள்! இவ்வேலையில் பழகிய ஒருவருக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மெல்ல மெல்ல வலுவிழக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வலி இல்லை; மரத்துப்போகவும் இல்லை. கட்டைவிரலின் அடிச்சதை மட்டும் வற்றிவிட்டது. வேலூருக்குப் போகிறார். தலைக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறார்கள். மூளை இயல்பாக உள்ளது என்று அறிக்கை வருகிறது. வீட்டார் நிம்மதியாகத் திரும்பிவிடலாமா?

கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

விரலை அசைக்க இரு நரம்பணுக்கள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. முதலாவது பெருமூளைப் புறணியில் புறப்பட்டு, முகுளத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக்கு மாறி, தண்டுவடத்துக்குள் இறங்குகிறது. இரண்டாவது தண்டுவடத்திலிருந்து தசைக்குச் செல்கிறது. பாதத்துக்குப் போகும் நரம்பணுவின் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். பருமனோ பட்டுப்புழு விடும் இழையை ஒத்தது. இந்த நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிவதே இயக்க நரம்பணு நோய். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இதன் முக்கிய வகையை 1869-இல் விவரித்தார். உணர்ச்சி நரம்புகளை இது பெரும்பாலும் தொடுவதில்லை. அதனால்தான் கை மரத்துப்போவதில்லை. நாளடைவில் விழுங்குவதும் மூச்சு விடுவதும்கூடக் கடினமாகும்.

எம்.ஆர்.ஐ. கருவி, உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை வலிய காந்தப்புலத்தில் வைத்து, வானொலி அலையால் தூண்டி, அவை திருப்பித் தரும் குறிகைகளைப் படமாக்குகிறது. படத்தின் ஒரு புள்ளி சுமார் ஒரு மில்லிமீட்டர். புறணியில் அந்த இடத்துக்குள் பல்லாயிரம் நரம்பணுக்கள் அடங்கிவிடும். அவற்றுள் சில நூறு மறைந்தால் படம் எப்படிக் காட்டும்? சிலருக்கு இயக்கப் பாதை நெடுக வெண்மையான கோடு தெரிவதுண்டு. ஆனால் நலமாக இருப்பவர்களிடமும் அதே கோடு சில வேளை காணப்படுகிறது!

அப்படியானால் படம் வீண் செலவா? அன்று. இந்நோயைப்போல வேடமிடும் வேறு நோய்களைக் கண்டுபிடிப்பதே அதன் முதல் வேலை. அதற்குத் தலையைவிடக் கழுத்தைப் படம் எடுப்பதே பல வேளைகளில் பயன் தரும். கழுத்தெலும்பு வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினாலும் கைச்சதை வற்றும். அதற்குச் சிகிச்சை உண்டு. ஜப்பானிய மருத்துவர் ஹிராயாமா 1959-இல் விவரித்த நோயும் இளைஞர்களின் கையைத்தான் மெலியச் செய்கிறது. இது நம் நாட்டிலும் காணப்படுகிறது. கழுத்து நேராக இருக்கும்போது எடுத்த படம் இயல்பாகத் தோன்றலாம். கழுத்தைக் குனியவைத்து எடுத்தால், தண்டுவட உறை முன்னே நகர்ந்து தண்டுவடத்தை அழுத்துவது தெரியும். கழுத்துப் பட்டை அணிந்தே நோய் மேலும் வளராமல் பலருக்குத் தடுக்கலாம். குனியவைத்து எடுக்கவில்லை என்றால்? வாய்ப்பு நழுவிவிடும்.

நரம்பிழையின் சேதத்தையே நேராகக் காட்டும் முறையும் 1990-களில் உருவாயிற்று. விரித்த பாவின்மீது ஒரு துளிச் சாயம் சிந்தினால் அது இழையின் நீளத்தில் ஓடும். குறுக்கே பரவத் தயங்கும். மூளையில் உள்ள நீர் மூலக்கூறுகளும் நரம்பிழை நெடுக எளிதாக நகர்கின்றன. இழைகள் சிதைந்தால் நீர் எப்பக்கமும் பரவத் தொடங்கும். எவ்வளவு ஒரே திசையில் ஓடுகிறது என்பதை 0 முதல் 1 வரையுள்ள ஓர் எண்ணாகக் கணக்கிடுகிறார்கள். இயக்க நரம்பணு நோயாளிகளிடம் மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதையில் இந்த எண் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். நோயாளிகளைக் குழுவாக ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவு. தனியொருவரை எடுத்துக்கொண்டால், அவருடைய எண் நலமானவரின் எண்ணோடு கலந்துவிடுகிறது. எனவே மருத்துவரின் நேர்ச் சோதனையும் தசை மின்பதிவுமே இன்றும் நோயை முடிவு செய்கின்றன. ரிலூசோல் போன்ற மருந்து நோயின் வேகத்தைச் சற்றே குறைக்கிறது. புதிய மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, இப்படங்களைத் திரும்பத் திரும்ப எடுத்து ஒப்பிடுவது ஆய்வாளர்களுக்கு உதவும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு வகையும் உண்டு. சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970-இல் அதை வெளியிட்டனர். உலக நூல்களில் அதற்குச் 'சென்னை இயக்க நரம்பணு நோய்' என்றே பெயர். இளவயதில் தொடங்கும், கைகால் மெலியும், முகமும் நாவும் தளரும், காது கேளாமல் போகும். ஆனால் மெதுவாக வளர்வது. பலர் பல பத்தாண்டுகள் வாழ்கின்றனர். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 1971 முதல் 2007 வரை கண்ட 116 நோயாளிகளைப் பற்றி எழுதியுள்ளது. ஏறக்குறைய இதே தோற்றத்தில் ஒரு பரம்பரை நோயும் உண்டு. அது ரிபோஃபிளேவின் என்னும் வைட்டமின் பி2-ஆல் பலருக்குக் குணம் காட்டுகிறது. இரண்டும் வெவ்வேறு என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே கை மெலிந்த இளைஞர் ஒருவர் காதும் மந்தம் என்றால் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். பிறகு மரபணுச் சோதனை. இந்த இரு நோய்களையும் பிரித்தறியத் தலைப்படத்தை மட்டும் நம்ப முடியாது.