ஸ்பேனர் பிடித்த கைக்கு ராக்கெட் கம்பெனியில் வேலை உண்டா?

தாம்பரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்த இரைச்சல் பழகிப்போன ஒன்று. தலைக்கு மேல் விமானப்படை விமானம் பறந்தால், ஓட்டுகிறவர்தான் நமக்கு ஞாபகம் வருவார். அதைப் பிரித்து, துடைத்து, பூட்டி, "பறக்கலாம்" என்று அனுப்பிய மெக்கானிக்கை யார் நினைக்கிறார்கள்?

படையை விட்டு வந்தால் அவருக்கு என்ன வழி?

முன்பெல்லாம் இது 40 வயதுக்காரர்களின் கவலை. 20 வருட சர்வீஸ் முடித்து, பென்ஷனோடு வருவார்கள். இப்போது 25 வயதுப் பையன்களின் கவலை! 2022-ல் அறிவித்த அக்னிபத் திட்டப்படி 4 வருடம்தான் வேலை. 100 பேரில் 25 பேர் வரைதான் படையில் தங்கலாம். மற்றவர்கள் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். பென்ஷன் கிடையாது.

சிப்பாய் செய்த விமானம்

ஹர்ஜிந்தர் சிங் கதையைக் கேளுங்கள். லாகூரில் என்ஜினீயரிங் படித்தவர். 1930-களில் விமானப்படையில் அவருக்குக் கிடைத்தது சாதாரண 'ஹவாய் சிப்பாய்' வேலை. 1942-ல் ஆபீசர் ஆனார். ஏர் வைஸ் மார்ஷல் வரை உயர்ந்தார். கான்பூரில் அவர் முன்னின்று அமைத்த தொழிற்சாலையில் உருவான முதல் ஆவ்ரோ விமானம் 1961 நவம்பர் 1-ந்தேதி பறந்தது. 1964-ல் அந்தத் தொழிற்சாலை எச்.ஏ.எல். நிறுவனத்தோடு சேர்ந்தது.

அவரிடம் இருந்தது இரண்டு: கையில் தொழில், பெட்டியில் பட்டம்.

கையெழுத்துக்குத்தான் மதிப்பு

இன்றும் அதே கதைதான். பயணிகள் விமானத்தை ரிப்பேர் செய்தபின் "சரி" என்று கையெழுத்துப் போட லைசென்ஸ் வேண்டும். கொடுப்பது டி.ஜி.சி.ஏ. அதற்குப் பாடவாரியாகப் பரீட்சை உண்டு. படையில் பார்த்த வேலையைக் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் அது மட்டும் போதாது. பயணிகள் விமானத்திலும் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்க வேண்டும்.

ராக்கெட் பக்கம்?

அங்கேயும் கதவு திறந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த அக்னிகுல் கம்பெனி, நாலு தடவை ஒத்திப்போட்டு, 2024 மே 30-ந்தேதி ஸ்ரீஅரிகோட்டாவில் சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அதே ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள்.

ராக்கெட் வேலைக்கு வேண்டிய குணம் விமானப்படை மெக்கானிக்குக்கு ரத்தத்தில் ஊறியது. எடுத்த ஸ்பேனர் பெட்டிக்குத் திரும்பாவிட்டால் விமானத்தைக் கிளப்ப மாட்டார். செய்த வேலையை நோட்டில் எழுதாமல் வீட்டுக்குப் போக மாட்டார்.

ஆனால் இஸ்ரோவில் டெக்னீஷியன் வேலைக்கு ஐ.டி.ஐ., டெக்னிக்கல் அசிஸ்டெண்டுக்கு டிப்ளமோ, என்ஜினீயருக்குப் பட்டம் கேட்கிறார்கள். "நான் அத்தனை விமானம் பார்த்தேன்" என்று வாயால் சொன்னால் எடுபடாது.

மகனோ மருமகனோ விமானப்படையில் இருக்கிறாரா? அடுத்த தடவை போனில் பேசும்போது, "சாப்பிட்டாயா" என்று கேட்ட கையோடு இதையும் கேட்டுவிடுங்கள்: "பரீட்சைக்குப் பணம் கட்டினாயா?"