'நாளைக்கு' என்றொரு விரால்

சென்ற ஆண்டு என் அக்காவுக்கு அறுவை சிகிச்சை மூலம் குழந்தை பிறந்தது. வீடு திரும்பிய மறுநாளே பாட்டி என்னைக் கூலாய் சந்தைக்கு விரட்டினார். "ரெண்டு ஹருவான் வாங்கிட்டு வா. உசுரோட இருக்கணும், செத்தது வேணாம்."

ஹருவான் என்பது நம் விரால்தான். அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு அதன் சாறு கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்பதில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. 1994இல் அப்துல் மானான் மாட் ஜாய்ஸ் முதலிய ஆய்வாளர்கள் இம்மீனைப் பரிசோதித்து, காயம் ஆறுவதற்குத் துணைபுரியக்கூடிய அமினோ அமிலங்களும் கொழுப்பு அமிலங்களும் அதில் இருப்பதாக எழுதினார்கள்.

சந்தையில் வலை போட்டு மூடிய வாளிக்குள் கறுப்பாக நெளிந்துகொண்டிருந்தன. கடைக்காரர் கையில் கட்டையை எடுத்துக்கொண்டு "போத்தோங்?" என்றார். வெட்ட வேண்டாம் என்று இரண்டையும் உயிரோடு வாங்கி வந்தேன். ஒன்று அன்றே மிளகும் பூண்டும் போட்ட சாறானது. மற்றது குளியலறைத் தொட்டியில் கிடந்தது.

விடியற்காலையில் தொட்டி காலி! தேடினால், துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் தூசி படிந்து கிடக்கிறது. தூக்கினால் வாலை அடிக்கிறது. "இவ்வளவு பாடுபட்டுத் தப்பிச்சதைக் கொல்லாதீங்க பாட்டி" என்றாள் அக்கா. "சரி, நாளைக்கு வெட்டிக்கலாம்" என்றார் பாட்டி. மறுநாளும் அதையே சொன்னார். கடைசியில் 'நாளைக்கு' என்பதே அதன் பெயராகிவிட்டது.

எப்படிப் பிழைத்தது? விராலின் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் அறை ஒன்று உண்டு. உடலில் ஈரம் இருக்கும்வரை தரையிலும் தாக்குப்பிடிக்கும். அதே காரணத்தால், மேலே வந்து காற்றை இழுக்க வழியில்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். எனவே தொட்டியை விளிம்புவரை நிரப்பக் கூடாது. மூடியின் மேல் செங்கல்லும் வைக்க வேண்டும். இதைப் பற்றிப் படித்தபோது இன்னொரு சுவையான செய்தி கிடைத்தது. நாம் 'புயு' என்று வாங்கும் பனையேறிக் கெண்டையும் இப்படித்தான் சுவாசிக்கிறது. அது பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் இருந்ததைப் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிய குறிப்பு 1797இல் லண்டனில் வெளியானது. அவர் பார்த்த இடம் நம் தரங்கம்பாடி!

ஆறு மாதத்தில் இரண்டடித் தொட்டி போதவில்லை. பழைய நான்கடித் தொட்டி ஒன்றை வாங்கினேன். ஒரு மாதக் கைச்செலவு போனது. அப்பா பொறுமை இழந்தார். "ஸ்கூடாய் ஆத்துல விட்டுடு. நம்ம ஊர் மீன்தானே?"

எனக்கும் அது சரி என்றே பட்டது, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள கிராஃப்டன் என்ற ஊரின் கதையைப் படிக்கும்வரை. அங்கே ஒருவர், நோயுற்ற சகோதரிக்குச் சூப் வைக்க நியூயார்க் சந்தையிலிருந்து சீன விரால்கள் இரண்டை உயிரோடு வரவழைத்தார். மீன் வந்து சேர்வதற்குள் சகோதரி தேறிவிட்டார். மீன்களைத் தொட்டியில் வளர்த்தார். பெரிதானதும் ஒரு குளத்தில் விட்டுவிட்டார். 2002இல் தூண்டிலில் ஒன்று சிக்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. செப்டம்பரில் குளம் முழுவதும் மீன்கொல்லி மருந்து ஊற்றினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் செத்து மிதந்தன. அக்டோபரில் உயிருள்ள விரால் இறக்குமதிக்கே அமெரிக்கா தடை விதித்தது. 2004இல் பொத்தோமாக் ஆற்றில் பிடிபட்ட விரால்கள் இவற்றின் வாரிசுகள் அல்ல என்று மரபணு ஆய்வு காட்டியது. அப்படியானால் வேறு யாரோ அதையே செய்திருக்கிறார்கள்.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை, நண்பர்களே. என்னைப் போலவே ஒரு சகோதரிக்காக மீன் வாங்கியவர்.

ஹருவான் நம் நாட்டு மீன் என்பது உண்மை. ஆனால் என் மீன் ஆற்றில் பிடித்ததா, பண்ணையில் வளர்ந்ததா என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. தொட்டியில் அதற்கு ஏதேனும் நோய் பிடித்திருந்தால், ஆற்று மீன்களுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தவனாவேன். கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகிக் கிடக்கும் 'பண்டாராயா' மீன்களும் ஒரு காலத்தில் யாரோ வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கியவைதான்.

அக்குவாரியக் கடையில் செம்மஞ்சள் கோடுகளோடு விரல் நீளத்தில் நீந்தும் தோமான் குஞ்சுகளைப் பார்த்து மயங்காதவர் குறைவு. மீன் பீஹூனில் துண்டுகளாக வருவதும் அதே தோமான்தான். அது ஒரு மீட்டருக்கு மேல் வளரும், கோடுகளும் மறைந்துவிடும். வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பெரிதானால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? நான் கேட்ட மூன்று கடைகளில் ஒன்றுதான் சரி என்றது.

அப்பாவிடம் கிராஃப்டன் கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய், மூடிக்கு இன்னொரு செங்கல் கொண்டுவந்து வைத்தார்.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். இறால் உரித்துக்கொண்டிருந்த பாட்டி, சின்னதாக நான்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்: "நாளைக்கு சாப்பிட்டிச்சாப்பா?"