பிரயாணக் கப்பலும் போர்க்கப்பலும்

ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகம் ரயில் பாதையில் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆயினும் அப்பாதையில் அடுத்தடுத்து வரும் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகளின் ஜீவனம் வெகுகாலமாகக் கடலை நம்பியே நடந்து வந்தது. உள்ளூர் ஆவாரம்பட்டையோடு சேர்த்துத் தோல் பதனிட உபயோகிக்க வாட்டில் மரப்பட்டை தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. பதனிட்ட தோல் லண்டன் சந்தைக்குக் கப்பலேறிப் போயிற்று. ஆகவே, இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் இந்து மகா சமுத்திரத்திலும் புகுந்து சரக்குக் கப்பல்களை வேட்டையாடத் தொடங்கியபோது, அந்த அபாயம் கடலையே காணாத இவ்வூர்களுக்கும் அந்நியமானதாக இருக்கவில்லை.

நீர்மூழ்கிக்குப் பரம சத்துரு ஆகாய விமானம். அக்கால நீர்மூழ்கி, மின்கலங்களை நிரப்பிக்கொள்ளவேனும் அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். வந்தால் மேலிருந்து நோக்குபவன் கண்ணில் படும். ஆனால் கரையிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு நடுக்கடல் முழுவதும் எட்டவில்லை. பெரிய விமானந்தாங்கிகளோ சிலவே, புதிதாகக் கட்டுவதற்கு வருஷக்கணக்காகும். இந்த நெருக்கடியில்தான், கைவசமிருந்த வாணிபக் கப்பல்களையே சிறு விமானந்தாங்கிகளாக்கித் துணைக்கு அனுப்பும் யோசனை வலுப்பெற்றது.

‘பிரிட்டோரியா காஸில்’ இதற்கு நல்ல உதாரணம். பெல்பாஸ்ட் நகரில் கட்டப்பட்டு, 1939-ல் யூனியன் காஸில் கம்பெனிக்காகத் தென்னாப்பிரிக்கப் பாதையில் ஓடத் தொடங்கிய அந்தப் பிரயாணக் கப்பலை, யுத்தம் மூண்டதும் பிரிட்டிஷ் கடற்படை எடுத்துப் பீரங்கி பூட்டியது. 1943-ல் விமானந்தாங்கியாகவே ஆக்கிவிட்டது. மாடி மாடியாக எழுந்திருந்த அறைகளையும் போஜனசாலைகளையும் கழித்துவிட்டு, எஞ்சிய உடலின்மீது தட்டையான ஓடுதளத்தைப் பரப்பினார்கள். அதன் அடியில் விமானக் கொட்டகை, இரண்டுக்கும் நடுவே மின்தூக்கி, இறங்கும் விமானத்தின் வால்கொக்கி பற்றிக்கொள்ளக் குறுக்கே இழுத்த எஃகு வடங்கள். ஆயினும் காவலுக்கன்றி, பரீட்சைக்கும் விமானிகளின் பயிற்சிக்குமே அது பெரும்பாலும் உபயோகப்பட்டது.

நம் சமுத்திரத்தில் காவல் புரிந்தவை, சரக்குக் கப்பலின் உடலமைப்பைக் கொண்டு அமெரிக்காவில் கட்டப்பட்டுப் பிரிட்டனுக்கு அளிக்கப்பட்ட ‘பேகம்’, ‘ஷா’ முதலிய கப்பல்கள். திருகோணமலையைத் தளமாகக் கொண்டிருந்த கிழக்குக் கடற்படையில் அவை சேவை செய்தன. 1944 ஆகஸ்டில் அவ்விரண்டையும் கொண்ட படை சேஷெல்ஸ் தீவுகளின் அருகே யு-198 என்ற நீர்மூழ்கியைத் தேடித் துரத்தியது. 12-ந் தேதி அதைத் தகர்த்தவை பிரிட்டிஷ் ‘பைண்ட்ஹார்ன்’ கப்பலும், ராயல் இந்தியக் கடற்படையின் ‘கோதாவரி’யும் ஆகும். நீர்மூழ்கியில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் ‘பிரிட்டோரியா காஸில்’ பழைய கம்பெனிக்கே திரும்பி, ‘வார்விக் காஸில்’ என்ற புதுப்பெயருடன் மீண்டும் பிரயாணிகளை ஏற்றியது, 1962-ல் உடைபட்டது. ‘ஷா’வுக்கு வாய்த்ததோ இதற்கு நேர்மாறான வாழ்வு. போருக்கென்றே ஆயுதம் தரித்து வந்த அது, ‘ஸால்டா’ என்ற பெயரில் ஆர்ஜென்டீனாவின் பிரயாணக் கப்பலாகி, இத்தாலியிலிருந்து குடியேறச் சென்றவர்களைச் சுமந்தது. 1963 டிசம்பரில் மெடீராத் தீவுக்கு அப்பால் ‘லகோனியா’ என்ற உல்லாசக் கப்பல் இரவில் தீப்பற்றி எரிந்தபோது, விரைந்து வந்து 400-க்கும் மேற்பட்டவர்களை மீட்டது இந்த ‘ஸால்டா’தான். கப்பலின் உடல் யாருக்கும் பகையன்று, உறவுமன்று. மனிதன் எந்தக் காரியத்துக்கு ஏவுகிறானோ அதை அது செய்து முடிக்கிறது.