போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன் நான். புதுதில்லியிலிருந்து சென்னை சென்ட்ரல் 2,180 கி.மீ. சொச்சம் என்றால் போகும்போதும் அதுதான், வரும்போதும் அதுதான். ஆகாயத்துக்கும் இதே கணக்கைப் போட்டு ஒருமுறை என் மனைவியைச் சிரமப்படுத்திவிட்டேன். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வரும் சங்க அன்பர்களுக்கு உதவுமே என்று அதை எழுதுகிறேன்.

2019-ல் மகளின் பிரசவத்துக்காகச் சான்பிரான்சிஸ்கோ புறப்பட்டோம். என் மனைவிக்கு மூட்டுவலி. "எத்தனை மணி நேரம் உட்காரணும், அதைச் சொல்லுங்க" என்றாள். வீட்டிலிருந்த உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தேன். நூல் நேர் கிழக்கே போகாமல் சைபீரியாவின் வடகோடி வரை ஏறி, அலாஸ்கா வழியாக இறங்கியது. உருண்டையில் அதுதான் குறுக்குவழி. சுமார் 12,400 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தேன். "போக 14, வர 14" என்றேன்.

முதல் தவறு, விமானம் நூல் வழியே போவதில்லை. நூல் திபெத் பீடபூமி மேல் போகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். அங்கே தரையே பெரும்பாலும் 14,000 அடிக்கு மேல்! ஆகவே சுற்றித்தான் போகவேண்டும்.

இரண்டாவது தவறு, காற்றை மறந்தது. 30,000 அடிக்கு மேல் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஆறுபோல ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் அதிகம். முதலில் அட்லாண்டிக் வழியாக, சுமார் 13,900 கி.மீ. பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் தில்லி–சான்பிரான்சிஸ்கோ விமானம், 2016 அக்டோபரில் பசிபிக் வழியாகக் கிழக்கே பறந்தது. தூரம் 15,300 கி.மீ. ஆனால் சுமார் 14½ மணியில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 1,055 கி.மீ. வருகிறது. 900-க்கு மேற்பட்டதெல்லாம் காற்று கொடுத்த தள்ளு. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கும் இறங்கும் வண்டிக்கும் ஓட்ட நேரம் வேறு என்று தெரிந்த எனக்கே இது தோன்றவில்லை.

கடிகாரமும் ஏமாற்றும். கோடையில் சான்பிரான்சிஸ்கோ நமக்கு 12½ மணி பின்தங்கியது, குளிர்காலத்தில் 13½. இங்கே விடியற்காலை 4 மணிக்கு ஏறி 14½ மணி நேரம் பறந்தால், கோடையில் அங்கே அதே தேதி காலை 6 மணி! டிக்கெட்டில் இரண்டு மணிப் பயணம்போல் தெரியும்.

போகும்போது என் கணக்கு ஓரளவு தப்பியது. திரும்பும்போது வேறு வழி, வேறு காற்று. 16 மணிக்கு மேல் ஆனது. 14 மணிக்கென்று எடுத்து வைத்த தின்பண்டமும் பொறுமையும் தீர்ந்துவிட்டன. பாலத்தில் இறங்கியபோது அவள் கால் வீங்கியிருந்தது. "உங்க நூல் அறுந்துபோச்சு" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

ஆகவே தூரத்தைக் கேட்காதீர்கள். போக எத்தனை மணி, வர எத்தனை மணி என்று தனித்தனியாகக் கேளுங்கள். அதையும் பயணத்துக்கு முந்தின வாரம் இன்னொரு முறை கேளுங்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை நம் விமானங்களுக்கு மூடியபோது, மேற்கே போனவை சுற்றிப் போக நேர்ந்தது. நடைவழி ஓர இருக்கையாகக் கேட்டு வாங்கி, அவ்வப்போது எழுந்து நடங்கள். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் கணக்கு என்னுடையது. சரிபார்ப்பது என் மனைவி.